‘ஃப்ரீ’ என்ற சொல்லும் தோட்டத்து வீடும்



நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்க்க முடியாத ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது ‘ஃப்ரீ’. "சாயங்காலம் ஃப்ரீயா?" என்று நண்பரைக் கேட்கிறோம். பேரங்காடியில் இரண்டு டின் பால்மாவு வாங்கினால் ஒரு குவளை ஃப்ரீ. லங்காவிக்குப் போனால் டியூட்டி ஃப்ரீ. முதலாவது ஓய்வு, இரண்டாவது இலவசம், மூன்றாவது வரிவிலக்கு. அதன் தலையாய பொருளான சுதந்திரம் என்பதற்கு மட்டும் நாம் இச்சொல்லை எடுப்பதே இல்லை. அதற்கு விடுதலை இருக்கிறது, மெர்டேக்கா இருக்கிறது.

இந்தச் சொல்லின் பூர்வீகம் சுவையானது. பழைய ஜெர்மானிய மொழிகளில் இதன் வேர்ச்சொல்லுக்கு ‘அன்புக்குரிய’ என்று பொருள். ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் ‘ஃபிரெண்ட்’ இதே வேரிலிருந்து வந்தது. வடமொழியின் ‘ப்ரிய’ என்ற சொல்லும் இதற்கு உறவுதான். ஆக, அதிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ‘பிரியம்’ ஆங்கிலேயரின் ‘ஃப்ரீ’க்குத் தூரத்துச் சொந்தம்! அக்காலத்து வீடுகளில் சொந்தக்காரர்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். வீட்டாரின் அன்புக்குரியவன் அடிமை அல்லாதவன். அந்த வழியில்தான் ‘சுதந்திரமானவன்’ என்ற பொருள் வந்தது என்கிறார்கள் மொழியறிஞர்கள். இலவசம் என்ற பொருள் மிகவும் பிந்தியது.

இனி நம் கதைக்கு வருவோம். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்த நிலப்பகுதிகளுக்கு அதில் விலக்கு உண்டு. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அன்று கம்பெனியின் கையில்தான் இருந்தன. கம்பெனியின் பகுதிகளுக்கான சட்டம் 1843இல்தான் வந்தது. அடிமைகள் போன பிறகு கரும்பையும் காப்பியையும் யார் பயிரிடுவது? அந்த இடத்துக்கு வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். மலாய் மொழியின் ‘ஜஞ்சி’, அதாவது வாக்குறுதி, நம்மவர் நாவில் சஞ்சி ஆயிற்று. கைநாட்டு வைத்துவிட்டால் குறித்த ஆண்டுகள் வரை அந்தத் தோட்டத்தை விட்டு நகர முடியாது. ஓடிப்போனால் அது குற்றம், பிடிபட்டால் சிறை.

இந்தச் சஞ்சிமுறை நம் நாட்டில் 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தொழிலாளர் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு முதலாளிமார் அதற்குப் பணம் கட்டவேண்டும். அந்தப் பணத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல் டிக்கெட் ஃப்ரீ. இப்படி வந்தவர்களை அரசாங்க ஏடுகள் ‘ஃப்ரீ லேபர்’ என்று எழுதின. வந்து இறங்கும்போது பயணக்கடன் கிடையாது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகலாம். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக்கூடாது. சிறைக்குப் பயந்து கிடந்த தலைமுறைக்கு அடுத்த தலைமுறை இது.

ஆனால் சட்டப்படி போகலாம் என்பது வேறு, போக முடியும் என்பது வேறு. ஆள் கட்டிவந்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் ஊர்க்காரர், உறவுக்காரர். அவருக்கு ஆள் கணக்கில் தலைக்காசு உண்டு. ஆகவே ஆளை விட மனம் வராது. கடையில் பாக்கி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குடியிருந்த லயம் தோட்டத்தினுடையது.

அந்த வீட்டைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். தோட்டத்தில் வீடு ஃப்ரீ, தண்ணீர் ஃப்ரீ, மருந்து ஃப்ரீ, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கொட்டகை ஃப்ரீ. "துரை எல்லாம் சும்மா கொடுக்கிறார்" என்று நம் பெரியவர்கள் நன்றியோடு சொன்னதுண்டு. என் கணிப்பில் அது சும்மா கிடைத்தது அல்ல. சம்பளத்தில் கொடுக்காமல் விட்டதன் ஒரு பகுதி. பழைய சென்னை மாகாணத்துக் கிராமங்களில் வண்ணாருக்கும் தச்சருக்கும் அறுவடைக்களத்தில் அளந்து கொடுத்த நெல்லுக்குச் ‘சுதந்திரம்’ என்றே பெயர் இருந்தது. அங்கேயும் ஏற்றத்தாழ்வு இருந்தது, மறுக்கவில்லை. என்றாலும் அந்த நெல் அவர்களுடைய உரிமைப் பங்கு. தோட்டத்திலோ உரிமை ‘ஃப்ரீ’ ஆயிற்று, ‘ஃப்ரீ’ தருமம் ஆயிற்று.

தருமம் எப்போது வேண்டுமானாலும் நிற்கும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, வேலையில்லாமல் போன பல்லாயிரம் பேருக்கு ஊர் திரும்பும் டிக்கெட்டும் ஃப்ரீயாகவே கிடைத்தது. வரவழைத்த அதே நிதி, திருப்பியும் அனுப்பியது. 1938இல் இந்திய அரசாங்கம் இப்படி உதவி கொடுத்து ஆள் அனுப்புவதைத் தடை செய்தது.

அடுத்த அடி சுதந்திரத்தை ஒட்டி வந்தது. 1957 ஆகஸ்டு 31ஆம் தேதி நாடு மெர்டேக்கா அடைந்தது. (மெர்டேக்காவும் வடமொழி வழி வந்த சொல்தான், டச்சுக்காரர் கால பத்தாவியாவில் விடுவிக்கப்பட்ட அடிமைகளை ‘மார்டைக்கர்’ என்றார்கள்.) அந்த ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்கிறோம். வேலை போன அன்றே வீடும் போயிற்று. அப்பா ஓய்வு பெற்ற பின்னும் குடும்பம் அதே வீட்டில் இருக்கவேண்டுமானால் ஒரு பிள்ளையாவது பால்மரம் வெட்டவேண்டும். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றதற்கு வறுமை ஒரு காரணம் என்றால், இந்த வீடும் ஒரு காரணம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோதும் இதே கதைதான் நடந்தது.

துண்டாடலுக்கு மறுமொழியாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்போது அவர் அமைச்சர், ம.இ.கா.வின் தலைவர். தோட்டம் தோட்டமாகப் போய், பிரட்டுக்களத்தில் நின்று, தொழிலாளரிடம் பங்குப்பணம் கேட்டார். ஒரு பங்கு 100 வெள்ளி. மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். வெட்டுக்கூலியில் வாழ்ந்தவர்களுக்கு அன்று பத்து வெள்ளி பெரிய காசு. டிக்கெட், வீடு, மருந்து எல்லாம் ஃப்ரீ என்று கேட்டே வளர்ந்த கூட்டம், தாங்கள் குடியிருக்கும் மண்ணுக்குத் தாங்களே விலை கொடுக்க முன்வந்தது. சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம்.