ஒரே நடிகை, இருபது குரல்கள்

நோயும் மரணமும்தான் கதை. மேடையில் ஒரே ஒரு பெண். இப்படி ஒரு நாடகத்தைக் காசு கொடுத்து யார் பார்ப்பார்கள் என்று தோன்றலாம். ஆனால் பார்த்தார்கள்! 2009 அக்டோபரில் நியூயார்க்கின் செகண்ட் ஸ்டேஜ் அரங்கில் தொடங்கிய 'லெட் மீ டவுன் ஈஸி', நாட்கள் நீட்டிக்கப்பட்டு 2010 ஜனவரி வரை ஓடியது.

இதை உருவாக்கி நடித்தவர் அன்னா டெவியர் ஸ்மித். 1950இல் பால்டிமோர் நகரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. இவருடைய முறை விசித்திரமானது. முதலில் டேப் ரெக்கார்டருடன் போய்ப் பலரைப் பேட்டி எடுப்பார். பிறகு அவர்கள் சொன்னதை வார்த்தை மாறாமல், திக்கலும் திணறலும் உட்பட மனப்பாடம் செய்து, அவர்களாகவே மேடையில் பேசுவார். 1991 கிரவுன் ஹைட்ஸ் கலவரம், 1992 லாஸ் ஏஞ்சல்ஸ் கலவரம் இரண்டையும் இப்படித்தான் நாடகமாக்கிப் புகழ் பெற்றார்.

இந்த நாடகத்தின் விதை யேல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் விழுந்தது. நோயாளிகளைப் பேட்டி கண்டு, அதை மருத்துவர்கள் முன்னிலையில் நடித்துக் காட்டும்படி அந்தக் கல்லூரி அவரை அழைத்தது. அதன் பின் மூன்று கண்டங்களில் சுமார் 300 பேரிடம் பேசினார். 2008இல் நியூ ஹேவனில் முதல் மேடையேற்றம். நியூயார்க் மேடைக்கு வந்தபோது அந்த 300 பேரில் 20 பேர் இருந்தார்கள்.

அவர்களில் டெக்சாஸ் முன்னாள் ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் ஒருவர். சினிமா விமர்சகர் ஜோயல் சீகல் இன்னொருவர். இருவருக்கும் புற்றுநோய். ஒருவர் 2006இலும் மற்றவர் 2007இலும் காலமானார்கள். அவர்கள் போன பிறகும் அவர்களுடைய நகைச்சுவை மேடையில் கேட்டது.

ஒரு காட்சியில், நோயாளியாகப் படுத்திருக்கும் பெண்ணின் மருத்துவக் கோப்புகள் காணாமல் போகின்றன. யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் மருத்துவக் கல்லூரியின் துணை டீன் என்று தெரிந்ததும், சிறிது நேரத்தில் கோப்புகள் கிடைத்துவிடுகின்றன! பதவி இல்லாதவர் கதி என்ன?

அதற்கு நியூ ஆர்லியன்ஸ் காட்சி பதில் சொல்கிறது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் நகரம் மூழ்கியது. ஏழைகளுக்கான சாரிட்டி மருத்துவமனையில் நோயாளிகளும் ஊழியர்களும் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். தனியார் மருத்துவமனைகளைத்தான் முதலில் காப்பாற்றுவார்கள் என்று அங்கிருந்த நர்சுகள் சொன்னார்கள். அந்தப் பெண் மருத்துவர் நம்பவில்லை. நடந்தது அதுதான்.

அமெரிக்காவில் பலருக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் காப்பீடும் போகும். நாடகம் ஓடிய நாட்களில் சுமார் 4.6 கோடி பேர் காப்பீடு இல்லாமல் இருந்தார்கள். சீர்திருத்தம் வேண்டுமா என்று நாடாளுமன்றத்தில் அனல் பறந்தது. 2010 மார்ச் 23 அன்று ஒபாமா சட்டத்தில் கையெழுத்திட்டார். சட்டம் வந்தது அரசியலால்; நாடகத்தால் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 4.6 கோடி என்ற எண்ணுக்குள் இருந்த மனிதர்களின் முகத்தை அந்த மாதங்களில் பார்வையாளர்களுக்குக் காட்டியது இந்த நாடகம்.

1736இல் தொடங்கிய சாரிட்டி மருத்துவமனை, புயலுக்குப் பிறகு திறக்கப்படவே இல்லை. அங்கே காத்திருந்தவர்களின் கதை மட்டும், 2012 ஜனவரியில் பிபிஎஸ் தொலைக்காட்சி வழியே நாடு முழுவதும் போய்ச் சேர்ந்தது.