கே. பி. எஸ். மேனன்

குமார பத்மநாப சிவசங்கர மேனன் (அக்டோபர் 18, 1898 - நவம்பர் 22, 1982) இந்தியத் தூதுவரும் பயண நூலாசிரியரும் ஆவார். பிரித்தானியப் பேரரசின் அதிகாரியாகப் பணி தொடங்கிய இவர், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளராக 1948 முதல் 1952 வரை பணியாற்றினார்.

== இளமை ==
கோட்டயத்தில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் ஆக்சுபோர்டிலும் பயின்றார். இவர் படித்த காலத்தில் அக்கல்லூரி சென்னை நகருக்குள் இருந்தது. 1937இல்தான் ஊரப்பாக்கத்திற்கு அண்மையிலுள்ள தாம்பரத்திற்கு மாற்றப்பட்டது. பின்னர் இந்தியக் குடிமைப் பணியில் சேர்ந்தார். சி. சங்கரன் நாயரின் மகளை மணந்தார்.

== குடியேற்ற நாடுகளில் ==
இலங்கையில் இந்திய அரசின் முகவராக இருந்தார். தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் நலன் பேணுவது இப்பதவியின் முதன்மைக் கடமையாகும். 1934இல் சான்சிபாரில் கிராம்பு வணிகம், நிலவுரிமை ஆகியவற்றில் இந்தியரைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றை ஆராய அனுப்பப்பட்ட மேனன், பேரரசின் ஊழியராக இருந்தும், அச்சட்டங்களைக் குறைகூறி அறிக்கை அளித்தார். பின்னர் இந்தியாவில் சான்சிபார் கிராம்பைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1938இல் உடன்பாடு ஏற்பட்டது.

== தில்லியிலிருந்து சுங்கிங் ==
இரண்டாம் உலகப்போரின்போது சீனாவில் இந்தியாவின் முகவராக அமர்த்தப்பட்டார். பர்மா சப்பானியர் வசம் இருந்ததால் அக்காலத்தில் சீனா செல்வோர் பெரும்பாலும் இமயமலைக்கு மேலாக வானூர்தியில் சென்றனர். மேனனோ 1944இல் கில்கித், உன்சா, பாமீர், காசுகர் வழியாக மலைகளையும் பாலைநிலத்தையும் கடந்தார். அப்போது காசுகரில் பிரித்தானியத் தூதரகமும் சோவியத் தூதரகமும் இயங்கின. மூன்றாண்டுகளில் பிரித்தானிய இந்தியாவே இல்லாமல் போயிற்று. இப்பயணத்தின் நாட்குறிப்பு 1947இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டிலேயே சீனாவுக்கான இந்தியாவின் முதல் தூதுவரானார். கோமிந்தாங் ஆட்சியின் இறுதிக்காலத்தை அங்கிருந்து கண்டவர், 1972இல் அதுபற்றித் தனிநூல் எழுதினார்.

== பிற்காலம் ==
1948இல் கொரியா தொடர்பான ஐக்கிய நாடுகள் தற்காலிக ஆணையத்தின் தலைவராக இருந்தார். 1952 முதல் 1961 வரை சோவியத் ஒன்றியத்தில் தூதுவராக இருந்தார். பிப்ரவரி 17, 1953இல் ஸ்டாலினைச் சந்தித்தார். பேசும்போது ஸ்டாலின் தாளில் ஓநாய்களை வரைந்துகொண்டிருந்ததாக மேனன் பதிவு செய்துள்ளார். மூன்று வாரங்களுக்குள் ஸ்டாலின் இறந்தார்.

இவருடைய மகனும் பேரன் சிவசங்கர் மேனனும் பின்னாளில் வெளியுறவுச் செயலாளர்களாகப் பணியாற்றினர்.

== நூல்கள் ==
* தில்லி-சுங்கிங் (1947)
* பறக்கும் துரொய்க்கா (1963)
* பல உலகங்கள் (தன்வரலாறு, 1965)
* சீனத்தில் அந்திப்பொழுது (1972)

(இவை ஆங்கில நூல்கள், தலைப்புகள் தமிழாக்கி அளிக்கப்பட்டுள்ளன.)

== விருதுகள் ==
* பத்ம பூசண் (1958)
* லெனின் அமைதிப் பரிசு