சுக்கான் பிடித்த கை

எங்கட வீட்டு அயன்பொக்ஸைப் பாருங்கள். சூடு கூடினால் 'டிக்' என்று நிற்கும், ஆறினால் திரும்ப எரியும். கட்டுப்பாட்டு முறைகளில் மிக எளியது இதுதான். சேட்டு மடிப்புக்கு இது போதும். நூல் ஆலையை ஓட்டும் நீராவி இயந்திரத்துக்குப் போதாது.

1788இல் ஜேம்ஸ் வாட் தன் இயந்திரத்தில் இரண்டு சுழலும் குண்டுகளைப் பொருத்தினார். வேகம் கூடக்கூட அவை விரிந்து, நீராவி வரும் வழியைக் கொஞ்சங் கொஞ்சமாக அடைக்கும். பிழை எவ்வளவோ, திருத்தமும் அவ்வளவு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சுமை ஏறினால் வேகம் பழைய இடத்துக்கு முழுசாக வராது, கொஞ்சம் குறைஞ்சே நிற்கும். அதைத் திருத்தக் குண்டுகளைக் கூர்மையாக்கினால் இயந்திரம் கூடுறதும் குறையுறதுமாக அலையத் தொடங்கும். ஏன் அலையுது என்பதற்கு மக்ஸ்வெல் 1868இல்தான் கணிதம் எழுதினார்.

அடுத்த பாய்ச்சல் கடலில் நடந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா போன நிக்கலஸ் மினோர்ஸ்கி, சுக்கான் பிடிப்பவர்களைக் கவனித்து 1922இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல மாலுமி இப்போதைய விலகலை மட்டும் பார்ப்பதில்லை. காற்று விடாமல் ஒரு பக்கம் தள்ளினால், சேர்ந்துவரும் பிழைக்கு ஈடாகச் சுக்கானைச் சற்றுச் சாய்த்தே வைத்திருப்பார். கப்பல் திரும்பும் வேகத்தைப் பார்த்து, நேராகும் முன்பே எதிர்ப்பக்கம் பிடிப்பார். நிகழ்காலம், இறந்தகாலம், வருங்காலம் மூன்றும் அந்தக் கையில் இருந்தன. மினோர்ஸ்கி அவற்றைச் சமன்பாடாக்கினார்.

'நியூ மெக்சிக்கோ' போர்க்கப்பலில் சோதனை நன்றாகவே போனது. ஆனாலும் கப்பலில் வேலை செய்தவர்கள் எதிர்த்தார்கள், கடற்படை அதை ஏற்கவில்லை. இதைப் பழமைவாதம் என்று சொல்லிக் கடந்துபோக எங்களுக்கு மனம் வரேல்லை. அவர்களின் கைப்பழக்கத்தைப் பார்த்து எழுதிய இயந்திரம், அவர்களின் இடத்திலேயே வந்து நின்றது. யாருக்குத்தான் கோபம் வராது?

தொழிற்சாலைக்காரருக்கு வேறு தலையிடி. மூன்று குமிழ்கள் இருக்கு, எதை எவ்வளவு திருப்புறது? 1942இல் சீக்லரும் நிக்கல்ஸும் ஒரு வழி சொன்னார்கள். முதலாவது குமிழை மட்டும் கூட்டிக்கொண்டு போய், ஆலையை வேண்டுமென்றே சீராக அலைய விடுங்கள். அந்த அளவையும் ஒரு அலைவுக்கான நேரத்தையும் குறியுங்கள். மூன்று குமிழ்களுக்குமான கணக்கு அதிலிருந்து வரும். முதலாவதை மட்டும் பாவிப்பதென்றால் அந்த அளவில் பாதி.

இன்றும் பெரும்பாலான ஆலைகளில் மூன்றாவது குமிழ் பூச்சியத்திலேயே கிடக்கிறது. உணர்கருவியின் சின்ன நடுக்கத்தைக்கூட அது பெரிய மாற்றமென்று நம்பிக் குதிக்கும். எது அலை, எது திரும்பல் என்று பிரித்தறிய மாலுமிக்குத் தெரிந்திருந்தது.