காயத்திற்கு முதலில் நீர்: பயணிகளுக்கு வரலாறு தரும் பாடம்

உம்ராவாயினும் வணிகமாயினும், பயணத்தில் கால் இடறிச் சிராய்ப்பதும் செருப்புக் கடித்துத் தோல் உரிவதும் இயல்பு. அவ்வேளையில் கையில் கிடைத்த மருந்தை ஊற்றுகிறோம். எரிச்சல் மிகுந்தால் கிருமிகள் அழிந்தன என்று ஆறுதலும் கொள்கிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணையோடு காண்போம்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹுதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் தலைக்கவசம் நொறுங்கி, திருமுகத்தில் காயம் ஏற்பட்டது. அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் நீர் கொண்டுவர, ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். குருதி நிற்காமல் பெருகவே, பாய்த் துண்டொன்றை எரித்து அதன் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள், குருதி நின்றது. ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்வின் வரிசை கவனிக்கத்தக்கது: முதலில் கழுவுதல், அடுத்துக் குருதியை நிறுத்துதல். சாம்பல் அன்று கைக்கெட்டிய பொருள். இன்று தூய துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிப்பதே முறை.

பின்னர் குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி (மறைவு 1013) 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பகுதிகள் கொண்ட நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கி, கருவிகளின் படங்களையும் வரைந்தார். ஆயினும் காயத்தில் சீழ் பிடிப்பது கிருமிகளால் என்பதை அக்கால மருத்துவ உலகம் அறிந்திருக்கவில்லை.

அதனை மருத்துவமனையில் செயல்படுத்திக் காட்டியவர் ஜோசப் லிஸ்டர். 1865இல் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் காயத்திற்குக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். சீழ் பிடிக்காமல் காயம் ஆறியது. ஆனால் அவ்வமிலம் தோலையும் புண்ணாக்கியது.

முதல் உலகப் போரில் பிரான்சின் பூலோன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங் இன்னொன்றைக் கண்டறிந்தார். ஆழமான காயங்களில் ஊற்றப்பட்ட கடுமையான மருந்துகள் மறைவிடங்களிலிருந்த கிருமிகளை எட்டவில்லை. மாறாக, கிருமிகளோடு போரிடும் நம் உடலின் வெள்ளணுக்களையே அழித்தன. எரிச்சல் குணத்தின் அடையாளமன்று என்பதற்கு இதுவே சான்று.

1811இல் பெர்னார் கூர்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து கண்டெடுத்த அயோடினும் ஆல்கஹாலில் கரைக்கப்பட்டபோது கடும் எரிச்சலையே தந்தது. 1950களில்தான் அயோடினைச் சிறிது சிறிதாக வெளிவிடும் பொவிடோன் அயோடின் அமெரிக்காவிலும், குளோரெக்சிடின் பிரிட்டனிலும் உருவாயின.

ஆகவே பயணப் பையில் இவ்விரண்டில் ஒன்று போதும். தூய குடிநீரால் காயத்தை நன்கு கழுவி, மண்ணும் தூசியும் நீங்கியபின் மருந்தை மெல்லியதாகத் தடவிக் கட்டுப்போட வேண்டும். தைராய்டு நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அயோடின் ஒவ்வாதவர்களும் பொவிடோன் அயோடினை மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது. குளோரெக்சிடின் கண்ணிலும் காதுக்குள்ளும் படலாகாது. ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, நீர் கலக்காத டெட்டால் ஆகியவை திறந்த காயத்திற்கு உகந்தவையல்ல. தேன் காயத்தை ஆற்றும் என்பது உண்மையே. ஆனால் மருத்துவமனைகளில் பயன்படுவது கிருமி நீக்கப்பட்ட தேன், அடுக்களைத் தேன் அன்று. ஆழமான காயம், துருப்பிடித்த ஆணி, விலங்குக்கடி, நீரிழிவு நோயாளியின் காற்புண் ஆகியவற்றிற்குத் தாமதமின்றி மருத்துவரை நாட வேண்டும்.

ஆல்கஹால் கலந்த மருந்தைத் தொடலாமா என்ற தயக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வெளிப்பூச்சாகக் காயத்தைத் தூய்மை செய்ய அதைப் பயன்படுத்தலாம் என மக்காவின் ராபிதா ஃபிக்ஹ் அவை 2002இல் முடிவு செய்துள்ளது. மேற்கூறிய மருந்துகளோ ஆல்கஹால் இல்லாமலே கிடைக்கின்றன.

உளூவைப் பற்றியும் ஒரு சொல். பயணமொன்றில் கல் பட்டுத் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்ய அவருக்குச் சலுகையில்லை என உடனிருந்தோர் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டு, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என உணர்த்தியதாக அபூதாவூதில் காண்கிறோம். நீர் தீங்கு என்பதன்று இதன் பொருள்; காயத்தின் நிலையறியாது தீர்ப்பளிப்பதே தீங்கு. கட்டின்மீது மஸஹு செய்யும் சட்டங்கள் மத்ஹபுகளுக்கிடையே சற்று வேறுபடுவதால், புறப்படும் முன்பே ஆலிமிடம் கேட்டறிவோம். மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிவோம்.

நம் பயணங்களை நலமாக்கி, நோய்களுக்குப் பூரண ஷிஃபாவை அருள வல்ல அல்லாஹ் போதுமானவன். ஆமீன்.