சாஸ்திரியாரின் பதினாறு ஆண்டுகள்

ஈஸ்ட் ஹாம் நகர மண்டபத்தின் செங்கற் கோபுரம் 1903-இல் திறக்கப்பட்டது. பார்க்கிங் ரோடில் பஸ்ஸுக்குக் காத்து நின்று அதன் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கும்பொழுதெல்லாம், அதே ஆண்டில் கும்பகோணத்தில் கண்மூடிய புதுக்கோட்டைத் திவான் சேஷய்ய சாஸ்திரியாரின் ஞாபகம் எனக்கு வந்துவிடுகிறது; புதுக்கோட்டையில் பிறந்தவனுடைய பைத்தியம் என்றே இதனை வைத்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய சாஸ்திரியார் ஆண்ட அதே காலத்தில், சபைக்குப் பதில் சொல்லாத ஆட்சி டென்மார்க்கிலும் நடந்தது. அங்கே 1875 முதல் 1894 வரை யாகோப் எஸ்ட்ரப் என்னும் பெருநிலக்கிழார் பிரதம மந்திரியாயிருந்தார். மக்கள் சபை வரவு செலவுத் திட்டத்தை மறுத்தபோது, அவர் மன்னரின் கையொப்பத்தோடு தற்காலிகச் சட்டம் பிறப்பித்து வரி வாங்கினார். 1885-இல் ஓர் இளைஞன் சுட்ட குண்டு அவருடைய கோட்டுப் பொத்தானில் பட்டுத் தெறித்த பின்னரும், கோபன்ஹேகனைச் சுற்றிக் கொத்தளங்கள் எழுப்பியபடியே ஆண்டார். அவர் விலகிய அதே 1894-இல்தான் சாஸ்திரியாரும் புதுக்கோட்டையை விட்டுப் போனார். சாஸ்திரியாருக்கோ மறுப்பதற்கு ஒரு சபையே இல்லை. ஆகையால் தற்காலிகச் சட்டத்துக்கும் அவசியம் நேரவில்லை.

கடனில் மூழ்கியிருந்த புதுக்கோட்டை மன்னர் இராமச்சந்திர தொண்டைமானின் சமஸ்தானத்துக்கு, திருவிதாங்கூரில் திவானாயிருந்து பெயரெடுத்த அவர் 1878-இல் வந்தபொழுது வயது ஐம்பது. அக்காலத்தில் அமானி நிலங்களில் விளைந்த நெல்லை அறுத்துக் களத்தில் குவித்த குடியானவன், அரசாங்கத்தார் வந்து அளந்து பங்கு பிரிக்கும்வரை, தன் வியர்வையில் விளைந்த அம்பாரத்திலேயே ஒரு படி எடுக்க உரிமையின்றி, முத்திரை வைத்த குவியலுக்குக் காவலாளும், அந்தக் காவலாளுக்கு மேல் இன்னொரு காவலாளும் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, மழை வந்து நெல் முளைத்துவிடுமோ என்று வானத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த முறையை எடுத்துவிட்டு 1881-இல் ரொக்கத் தீர்வை வைத்தது சாஸ்திரியாரின் காரியங்களுள் தலையாயது என்பேன். ஊரின் குளங்களைத் தூர் வாரினார், புதுக்குளத்தை வெட்டுவித்தார், வீதிகளை நேராக்கினார்.

ஆயினும் பழைய ஆசாரத்தை அவர் கைவிடவில்லை. நவராத்திரியில் அரிசியோடு கொடுக்கும் அம்மன் காசு அவர் காலத்திலும் தொடர்ந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாளும் மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்தும் பொறித்த அந்தச் செப்புக்காசு ஒன்று என் பாட்டியின் வெற்றிலைப்பெட்டியில் சுண்ணாம்புக் கறையோடு கிடந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும்.

1886-இல் மன்னர் மறைய, பத்து வயதுப் பேரர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானுக்காக சாஸ்திரியார் திவான்-ரீஜண்டானார். பிள்ளை வளர்ந்ததோ கிராஸ்லி என்ற ஆங்கில ஆசிரியரின் கையில். சாஸ்திரியார் இதனைத் தடுத்திருக்கலாமா என்று கேட்பது எளிது. மேலே இருந்தவர்களுக்கு மட்டுமே பதில் சொல்லிப் பழகிய ஆட்சியில், ராஜகுமாரன் எப்படி வளரவேண்டும் என்பதும் மேலிருந்தே தீர்மானமாயிற்று. பிரதிநிதிகள் சபை என ஒன்று, சாஸ்திரியார் போய் எட்டு ஆண்டுகள் கழித்து 1902-இல்தான் அமைந்தது.

அந்தப் பிள்ளை 1915-இல் ஆஸ்திரேலியப் பெண் மாலி ஃபிங்கை மணந்து, பின்னர் ஐரோப்பாவிலேயே தங்கி, 1928-இல் காலமானார். தகனம் லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் நடந்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்து ரயில் மாறிப் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம். நான் போன அன்று தூறல். வாயிலில் நின்ற காவலரிடம் புதுக்கோட்டை என்றேன், அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார்.