தாயின் தன்னுருவம்

ஒளிப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது தோன்றிய காலந்தொட்டே தாயும் சேயும் அதற்கு உகந்த பொருளாயினர். ஆயினும் படத்திலுள்ள தாய் பெரும்பாலும் பிறரால் பார்க்கப்பட்டவள். தன்னைத் தானே பார்த்தவள் அல்லள். கருவி அவள் கைக்கு வந்த வரலாறு அறியத்தக்கது.

கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 1863இன் இறுதியில், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த ஒளிப்படக் கருவியைப் பெற்றார். கணவர் இலங்கைக் காப்பித் தோட்டங்களைக் காணச் சென்றிருந்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் தனித்திருந்த தாய்க்கு அது பொழுதுபோக்காகவே வந்தது. அவரோ கோழிக்கூட்டைப் படப்பிடிப்புக் கூடமாகவும், நிலக்கரி அறையை இருட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார். தாய்மையைப் பலமுறை படமாக்கினார். ஆனால் மரியன்னையாக அமர்ந்தவர் பணிப்பெண் மேரி ஹில்லியர். கருவியைக் கொணர்ந்தது தனிமை; அத்தனிமைக்குப் படத்தில் இடமில்லை. 1879இல் அவர் இலங்கையில் மறைந்தார்.

சரியாக நூறாண்டு கழித்து, 1979இல், இலண்டனில் வாழ்ந்த அமெரிக்கக் கலைஞர் சூசன் ஹில்லர் ‘பத்து மாதங்கள்’ என்னும் படைப்பை நிறைவு செய்தார். மானிடவியல் பயின்ற அவர், கருவுற்றிருந்த காலத்தில் தம் உடலை நாள்தோறும் படமெடுத்தார். திங்களுக்கு 28 படங்களாகப் பத்துத் தொகுதிகள். ஒவ்வொன்றுடனும் நாட்குறிப்பின் ஒரு பகுதி. அவை சுவரில் படிக்கட்டைப்போல் இறங்கி வருகின்றன. முகமில்லை, புன்னகையில்லை, பிறைபோல் வளரும் வயிறு மட்டுமே உண்டு. தாயென்றால் உருக வேண்டும் என்பார்க்கு இது வறட்சியாகத் தோன்றலாம். ‘பத்து மாதம் சுமந்தவள்’ என்னும் நம் வழக்கும் இதே திங்கட் கணக்கே. நாம் அதனைப் பிள்ளை பட்ட கடனாகச் சொல்கிறோம். ஹில்லர் அதனைச் சுமந்தவளின் சிந்தனையாக்கினார். கருவுற்ற உடலும் கலைஞரின் அறிவும் ஒருத்தியிடமே உண்டென்பது அவர் நிறுவிய உண்மை.

எருசலேமில் 1971இல் பிறந்து நியூயார்க்கில் குடியேறிய எலினோர் கரூச்சி, 2004இல் இரட்டைக் குழந்தைகளை ஈன்றார். 2013இல் வெளிவந்த ‘தாய்’ என்னும் அவரது நூலில், தளர்ந்த வயிறும் அறுவைத் தழும்பும் அழும் பிள்ளையும் அயர்ந்த முகமும் மறைவின்றி இடம்பெற்றன. பிள்ளைகள் மடியைவிட்டு இறங்காத வேளையிலும் தாய் தனித்திருக்கக்கூடும் என்பதை அப்படங்கள் உணர்த்துகின்றன.

இவ்வரலாறு நமக்கும் பொருந்துவது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் குழந்தையையே பாடுகின்றன. தாயின் இடத்தில் புலவர் நிற்கிறார். ஏட்டில் ஏறாத தாலாட்டில்தான், உறங்கவைக்கும் பாட்டினூடே, தாய் தன் குறையையும் சொல்லிக்கொண்டாள். தாயைப் பாடாத கவிஞர் நம்மிடையே அரியர். பாடும்போது அங்கே பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நன்று.