பணிப்பட்டைச் சின்னங்கள் அசையவில்லையா? கணினியைக் கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை

புக்கிட் மெர்தாஜாம் – கணினி ஓடுகிறது. சுட்டியின் அம்பும் நகர்கிறது. ஆனால், திரையின் அடியில் உள்ள சின்னங்களை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் திறப்பதில்லை. எஸ்பிஎம் மாணவரின் பாட ஒப்படைப்போ, ஏப்ரல் மாதக் கடைசியில் நிரப்பும் வருமான வரிப் பாரமோ பாதியில் நிற்கும்போது இப்படி நேர்ந்தால், பலரும் உடனே எடுக்கும் முடிவுகள் இரண்டு. ஒன்று, மின்விசையை அணைத்துவிடுவது. மற்றொன்று, கணினியைக் கடைக்குக் கொண்டுபோய் 'ஃபார்மட்' செய்யச் சொல்வது.

இரண்டுமே கடைசி வழிகள். முதலாவதில் சேமிக்காத வேலை போய்விடும். இரண்டாவதில், முன்கூட்டியே நகல் எடுக்காவிட்டால், குடும்பப் படங்கள் உட்பட எல்லாமே போய்விடும். இந்தக் கோளாற்றைப் பெரும்பாலும் விசைப்பலகையைக் கொண்டே, ஒரு சென் செலவில்லாமல் சரிசெய்ய முடியும்.

பணிப்பட்டை என்பது என்ன?

'டாஸ்க்பார்' எனப்படும் பணிப்பட்டை, 1995 ஆகஸ்டு 24-ஆம் தேதி வெளிவந்த விண்டோஸ் 95 வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தது. பார்ப்பதற்குக் கணினியின் ஓர் உறுப்புபோலத் தோன்றினாலும் அது மென்பொருள்தான். கோப்புறைகளைத் திறந்துகாட்டும் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற நிரலே பணிப்பட்டையையும் முகப்புத் திரையையும் தாங்கி நிற்கிறது. அந்த ஒரு நிரல் சிக்கிக்கொண்டால் சின்னங்கள் மரத்துப்போகும். அதேவேளையில், திறந்திருக்கும் வேர்டு கோப்போ உலாவியோ பின்னணியில் நலமாகவே இருக்கும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'ஸ்டார்ட்' பட்டியலும் தேடல் கட்டமும் தனித்தனி நிரல்களாக இயங்குகின்றன. ஆகவே, எது அசையவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட் மட்டும் திறக்கவில்லையா, எல்லாச் சின்னங்களுமா, அல்லது ஒரே ஒரு செயலியின் சின்னமா? ஒரே ஒரு சின்னம் என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தச் செயலியில்தான், பணிப்பட்டையில் அல்ல.

படி 1: கணினி உயிரோடு இருக்கிறதா?

விசைப்பலகையில் 'கேப்ஸ் லாக்' விசையைத் தட்டவும். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி இயங்குகிறது என்று பொருள். அந்த விளக்கும் மாறாமல், சுட்டியும் நகராமல் பல நிமிடங்கள் கடந்தால் மட்டுமே மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

சுட்டியின் மீதும் ஒரு சந்தேகம் இருக்கட்டும். கம்பியில்லாச் சுட்டியில் பேட்டரி தீர்ந்து வந்தாலோ இடப் பொத்தான் தேய்ந்திருந்தாலோ இதே அறிகுறிதான் தெரியும். முகப்புத் திரையில் உள்ள குப்பைத்தொட்டிச் சின்னம் சொடுக்கினால் திறக்கிறதா என்று பார்க்கவும். அதுவும் திறக்காவிட்டால் வேறொரு சுட்டியைச் செருகிப் பார்ப்பது நல்லது.

படி 2: முதலில் வேலையைச் சேமிக்கவும்

'ஆல்ட்' விசையை அழுத்தியபடி 'டேப்' விசையைத் தட்டினால் திறந்திருக்கும் சாளரங்கள் வரிசையாகத் தெரியும். வேலை செய்துகொண்டிருந்த சாளரத்துக்குச் சென்று 'கண்ட்ரோல்', 'எஸ்' விசைகளைச் சேர்த்து அழுத்திச் சேமித்துவிடவும்.

சுட்டி கைகொடுக்காதபோது வேறு சில விசைகளும் உதவும். விண்டோஸ் விசையுடன் 'டி' என்ற எழுத்தை (டேப் விசையில் முதலாவதாக வரும் எழுத்து) அழுத்தினால் பணிப்பட்டைச் சின்னங்களில் ஒன்று தேர்வாகும். அம்பு விசையால் நகர்ந்து 'என்டர்' தட்டலாம். விண்டோஸ் விசையுடன் எண் 1 அழுத்தினால் முதல் சின்னம் திறக்கும், 2 அழுத்தினால் இரண்டாவது. இந்த விசைகளுக்குச் சின்னங்கள் பதில் சொல்லி, சுட்டிக்கு மட்டும் பதில் சொல்லாவிட்டால், சுட்டியையோ, பட்டையின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் வேறொரு சாளரத்தையோ சந்தேகிக்கலாம்.

படி 3: எக்ஸ்ப்ளோரரை மட்டும் மீண்டும் தொடங்கவும்

பெரும்பாலான வீடுகளில் கோளாறு இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். 'கண்ட்ரோல்', 'ஷிஃப்ட்', 'எஸ்கேப்' ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதன் பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து 'ரீஸ்டார்ட்' பொத்தானை அழுத்தவும். திரை ஒரு கணம் வெறுமையாகிப் பணிப்பட்டை புதிதாக வந்து நிற்கும்.

பட்டியலில் அந்தப் பெயரே இல்லாவிட்டால், டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' என்பதைத் திறந்து, 'எக்ஸ்ப்ளோரர்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து 'என்டர்' அழுத்தினால் போதும். இதனால் வேர்டு, எக்செல் கோப்புகளுக்குப் பாதிப்பு இல்லை. திறந்திருக்கும் கோப்புறைகள் மட்டும் மூடிக்கொள்ளும். பென் டிரைவுக்கு ஏதேனும் நகலாகிக்கொண்டிருந்தால் அது பாதியில் நின்றுவிடும் என்பதால், நகல் முடியும்வரை காத்திருப்பது நல்லது.

இதே டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' என்ற நெடுவரிசையையும் பார்த்துவிடலாம். அது நூறு விழுக்காட்டிலேயே நின்றால் சின்னங்கள் செத்துவிடவில்லை, வன்வட்டு மூச்சுவாங்குகிறது. சுழலும் வகை வன்வட்டு உள்ள பழைய கணினிகளில் இது வழக்கமாக நடப்பது. சில நிமிடங்கள் காத்திருக்கலாம். ஆனால், வன்வட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற ஓசை கேட்டால் வேறு எதையும் முயலாமல் கோப்புகளை உடனே நகல் எடுக்க வேண்டும்.

படி 4: அணைத்துப் போடுவது வேறு, 'ரீஸ்டார்ட்' வேறு

"பலமுறை அணைத்துப் போட்டும் சரியாகவில்லை" என்று பலரும் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 8 வந்த 2012-ஆம் ஆண்டு முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உள்ளது. இது இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' கொடுத்தால், செயலிகள் மூடப்பட்டாலும், இயங்குதளத்தின் கருப்பகுதி அப்படியே வன்வட்டில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதே நிலை மீண்டும் ஏற்றப்படும். கணினி விரைவாகத் தொடங்குவது அதனால்தான். நேற்றைய சிக்கல் இன்றும் தொடர்வதும் சில வேளைகளில் அதனால்தான்.

'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போது மட்டுமே எல்லாம் முழுமையாகத் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. ஸ்டார்ட் பட்டியல் திறக்காதபோது 'கண்ட்ரோல்', 'ஆல்ட்', 'டெலீட்' மூன்றையும் அழுத்தினால் வரும் திரையின் வலக்கீழ் மூலையில் மின்பொத்தான் சின்னம் இருக்கும். அதில் 'ரீஸ்டார்ட்' கிடைக்கும்.

படி 5: அண்மையில் என்ன மாறியது?

மீண்டும் மீண்டும் கோளாறு வந்தால், அது எப்போது தொடங்கியது என்று யோசிக்க வேண்டும். பணிப்பட்டையின் தோற்றத்தை மாற்றும் செயலிகள், புதிதாக நிறுவிய இலவச 'கிளீனர்' மென்பொருள்கள் ஆகியவற்றை முதலில் நீக்கிப் பார்க்கலாம். விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகே தொடங்கியிருந்தால், விண்டோஸ் விசையுடன் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி அமைப்புகளைத் திறந்து, 'விண்டோஸ் அப்டேட்' பகுதியில் புதுப்பிப்பு வரலாற்றுக்குள் சென்று, கடைசியாக வந்ததை நீக்கலாம். மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டதும் மீண்டும் நிறுவிக்கொள்வது அவசியம்.

பிழை நிறுவனத்தின் பக்கத்திலேயே இருக்கலாம் என்பதற்கு 2021 செப்டம்பரில் நடந்ததே சான்று. விண்டோஸ் 11 பொது வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, அதைச் சோதித்துக்கொண்டிருந்த பயனர்களின் கணினிகளில் ஸ்டார்ட் பட்டியலும் பணிப்பட்டையும் திடீரென மரத்துப்போயின. பயனர்கள் எதையும் மாற்றவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் சேவையகத்திலிருந்து இறங்கிய ஒரு சிறு தகவலே காரணம். நிறுவனம் அதை நிறுத்திய பிறகும், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கணினிகள் தாமாகத் தெளியவில்லை. டாஸ்க் மேனேஜர் வழியாக ஒரு கட்டளையை இயக்கிப் பதிவேட்டில் ஒரு பகுதியை அழித்து, மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வழிகாட்டியது. எவரும் கணினியை ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கவில்லை.

படி 6: சிதைந்த கோப்புகளைச் சரிபார்க்க

மேற்கண்ட எதுவும் பலிக்காவிட்டால் இயங்குதளக் கோப்புகளைச் சோதிக்கலாம். டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' திறந்து, நிர்வாகி உரிமைக்கான சிறு கட்டத்தில் குறியிட்டு, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டச்சு செய்யவும். திறக்கும் கறுப்புச் சாளரத்தில் எஸ், எஃப், சி ஆகிய எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு (கேள்விக்குறி உள்ள அதே விசை), அதையொட்டி 'ஸ்கேன்', 'நவ்' என்ற இரு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதி 'என்டர்' அழுத்தவும். சிதைந்த கோப்புகள் இருந்தால் விண்டோஸ் அவற்றை மாற்றிவிடும். சோதனை முடிய நேரம் ஆகும். பாதியில் அணைக்கக் கூடாது.

இன்னோர் எளிய சோதனையும் உண்டு. அதே கணினியில் இன்னொரு பயனர் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து பார்க்கவும். அங்கே சின்னங்கள் ஒழுங்காக இயங்கினால், விண்டோஸில் கோளாறு இல்லை. பழைய கணக்கின் அமைப்புகளில்தான். புதிய கணக்குக்குக் கோப்புகளை மாற்றிக்கொண்டாலே போதும்.

திரையில் வரும் எண்ணுக்கு அழைக்காதீர்

பழுது பார்க்கும் செலவைவிடப் பெரிய இழப்பு நேர்வது வேறோர் இடத்தில். கோளாற்றுக்கு வழி தேடும்போது, "உங்கள் கணினி முடங்கிவிட்டது, உடனே அழையுங்கள்" என்று ஒரு தொலைபேசி எண்ணோடு எச்சரிக்கை திரையை நிறைக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பிழை அறிவிப்புகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைப்பவரிடம், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வதும், அப்படியே வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பதும்தான் மோசடிக்காரர்களின் வழக்கம்.

பணம் போய்விட்டதாகத் தெரிந்தால், வங்கியின் அவசர எண்ணையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ உடனே அழைத்து, பின்னர் காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். ஒரு தொலைபேசி எண் அல்லது வங்கிக் கணக்கு எண் மீது சந்தேகம் இருந்தால், அரச மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபார்க்கலாம்.

கடைக்குப் போவதென்றால்

அருகிலுள்ள கடையோ, பாலம் கடந்து கொம்தார் வட்டாரமோ, எங்குக் கொடுத்தாலும் சிலவற்றை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

• படங்களையும் கோப்புகளையும் வெளி வன்வட்டிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிடவும்.

• 'கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது' என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கவும்.

• பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே கேட்கவும்.

• மைக்ரோசாஃப்ட் கணக்கு, வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களைக் கொடுக்க வேண்டாம்.

• புதிய கணினிகள் பலவற்றில் வன்வட்டு தானாகவே பூட்டாக்கம் செய்யப்பட்டிருக்கும். பழுது பார்க்கும்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்றை விண்டோஸ் கேட்கலாம். அது இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க வழியில்லை. பெரும்பாலும் அந்த எண் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசி வழியாக அக்கணக்கில் நுழைந்து குறித்து வைத்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10 கணினி வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட திட்டத்தில் பதிந்துகொண்டால் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் தொடரும். இதுபோன்ற சிறு கோளாறுகளுக்குப் புதிய திருத்தங்களை எதிர்பார்க்க முடியாது.

நகல் எடுப்பதற்கும் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைப்பதற்கும் சரியான நேரம், சின்னங்கள் ஒழுங்காக இயங்கும்போதுதான். இந்த இரண்டும் கையில் இருந்தால், பணிப்பட்டை மரத்துப்போகும் நாளில் அவசரப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு படியாக நிதானமாக முயன்று பார்க்கலாம்.